கருப்பட்டியின் வலது கை

வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் என் குரல் டிவியில் பேசியது. தர்மபுரியில் ஒரு பல் டாக்டரின் கிளினிக். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, ரத்தம் நிற்கிறவரை அரைமணி நேரம் வெளியே உட்காரச் சொல்லியிருந்தார்கள். எதிர்ச் சுவரில் டிவி, அதில் எங்கள் லோக்கல் சேனல், அதில் என் கரடிப் பொம்மை. பச்சைத் துணி போட்ட மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "குட்டீங்களா, பல்லு வெளக்கிட்டீங்களா" என்றது. பழைய எபிசோடை மறுபடி போடுகிறார்கள் என்று நினைத்தேன். கன்னம் வீங்கி இரண்டு வாரமாக நான் ஸ்டுடியோ பக்கமே போகவில்லை, வேறு எதைப் போட முடியும். அப்புறம் கரடி, "நேத்து அடிச்ச காத்துல பஸ் ஸ்டாண்டு பக்கம் மரம் சாஞ்சிடுச்சாமே" என்றது. மரம் சாய்ந்தது முந்தின நாள் சாயங்காலம். அந்த வாக்கியத்தை நான் பேசியதே இல்லை.

பக்கத்தில் ஒரு பெண் ஐந்து வயது மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கரடிக்குக் கொரல் யாருன்னு தெரியுமாடி? குப்பு மாமாதான் அப்டி மாத்திப் பேசறாராம். அவரே யூட்யூப்ல சொல்லியிருக்காரு" என்றாள். குழந்தை டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இல்ல, கருப்பட்டிதான் பேசுது" என்றது. அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கி, அது நான்டி, நான்தான்டி என்று கத்த வேண்டும்போல இருந்தது. பஞ்சுக்குள்ளிருந்து ஏதோ ஒரு முனகல்தான் வந்தது. அவள் பயந்துபோய் மகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள்.

பதினெட்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு 'கருப்பட்டி வூடு'. இந்தப் பக்கம் பிள்ளை பெற்ற வீடுகளில் அதைத் தெரியாதவர்கள் குறைவு. கேமரா முன்னால் குப்பு மாமா நிற்பான். சேனல் ஓனர் குப்புராஜ்தான் அது, பூப்போட்ட சட்டையும் தலையில் விக்குமாக. நேரில் நான் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், மனதுக்குள் இப்போதெல்லாம் அவன் இவன்தான். அவன் பக்கத்தில் மேஜைமேல் கருப்பட்டி என்கிற கரடிக்குட்டி. மேஜைக்கு அடியில் நானும் நவநீதனும், சக்கரம் வைத்த பலகையில் ஆளுக்குப் பாதியாகக் குந்தியிருப்போம். என் வலது கை கரடியின் தலைக்குள், இடது கை அதன் இடது கைக்குள். கரடியின் வலது கைக்குள் மட்டும் நவநீதனின் கை. ஒரு பொம்மைக்கு இரண்டு ஆள் என்பது இப்படித்தான். தலையும் குரலும் யாரோ, அவர் சொல்கிறபடி வலது கை நடக்க வேண்டும். ஒரு நொடி முந்தக் கூடாது, பிந்தவும் கூடாது. நவநீதன் என் விலாவில் தோளை ஒட்டி வைத்துக்கொள்வான். நான் மூச்சை இழுக்கிற விதத்திலேயே கரடி அடுத்து சிரிக்கப் போகிறதா, தும்மப் போகிறதா என்று அவனுக்குத் தெரிந்துவிடும். என்னைப் பற்றி என் புருஷனுக்கே அவ்வளவு தெரியாது.

முதல் நாளே குப்புராஜ் ஒரு சட்டம் போட்டான். "பிள்ளைங்க நம்பறது கரடியத்தான். உள்ள ஆளு இருக்குன்னு தெரிஞ்சா கரடி செத்துடும். வெளிய மூச்சு வுடக் கூடாது." அது எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே பிடித்திருந்தது. நிகழ்ச்சி முடிந்து பெயர்கள் ஓடும்போது எல்லார் பெயரும் வரும், லைட் பிடித்தவர் பெயர்கூட வரும். எங்கள் இடத்தில் மட்டும் 'கருப்பட்டியாக: கருப்பட்டி' என்று வரும். அதைப் பார்த்து நானும் நவநீதனும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்போம். நல்லம்பள்ளியில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் நான் ஏதோ ஆபீஸில் டைப் அடிக்கிறேன் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். என் மகளுக்கே எட்டாவது படிக்கிறவரை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவள் டிவி முன்னால் உட்கார்ந்து என் குரலிடம் பேசிக்கொண்டிருப்பாள், நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். அவளுக்கு ஜுரம் வந்தபோது மருந்து குடிக்கச் சொல்லி அம்மாவாகக் கெஞ்சிப் பார்த்தேன், கேட்கவில்லை. கருப்பட்டி குரலில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குடித்திருப்பாள். சொல்லவில்லை. அப்படிக் காப்பாற்றிய சட்டத்தை அவன் யூட்யூபில் போய், எல்லாம் நான்தான் என்று உடைத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

பஞ்சைத் துப்பிவிட்டு நேரே ஸ்டுடியோவுக்குப் போனேன். மளிகை மண்டிக்கு மேலே இரண்டாவது மாடி. குப்புராஜ் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னான். ஸ்டுடியோவுக்குள் அவன் மருமகள் சந்தியா மேஜைக்கு அடியிலிருந்து என் கரடியைத் தூக்கிப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். கரடி மேலே பார்த்தபடி வாயை வாயைத் திறந்தது, மீன் மூச்சு வாங்குவது மாதிரி.

"உங்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன் யுவராணி" என்றான். "நீ பேசுன பதினெட்டு வருஷமும் ஹார்டு டிஸ்க்குல இருக்குது. கம்ப்யூட்டருக்கு அதப் போட்டுக் குடுத்தா அது உன்னாட்டமே பேசுது. நாம டைப் அடிச்சாப் போதும். இனி உனக்குப் பல்லு வலின்னாலும் ஷோ நிக்காது."

"யூட்யூப்ல நீங்கதான் பேசறதா சொன்னீங்களாமே."

"பேட்டி எடுத்தவன் கேட்டான். ஒரு பேரு சொல்லணுமில்ல. சொன்னேன்." சிரித்தான். "கொரல் உன்னுதுதான், யாரு இல்லங்கறா. கரடி என்னுதும்மா. நீ வூட்ல ரெஸ்ட் எடு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் படியேறினேன். மரத்துப்போன வாயில் வார்த்தை ஒன்றும் சரியாக வரவில்லை, எச்சில்தான் வழிந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். மாதேஷ் அண்ணா, பதினெட்டு வருஷமாக எங்களுக்கு சவுண்டும் எடிட்டிங்கும் பார்க்கிறவர், படிக்கட்டில் நின்றிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுச் செருப்பைப் பார்த்தார். டைப் அடித்தது அவராகத்தான் இருக்கும்.

அதற்கப்புறம் ஒரு மாசம் நான் பழிவாங்குவது தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ராகிக் களி கிண்டும்போது அவனை நினைத்துக் கிண்டினேன். துணி அடிக்கும்போது அவனை நினைத்து அடித்தேன், புருஷனின் இரண்டு சட்டைகளில் பட்டன் போனது. போலீஸுக்குப் போகலாமா என்றால், என் குரலைக் காணோம் என்று என்னவென்று எழுதிக் கொடுப்பது. மகள், "பேஸ்புக்ல போடும்மா" என்றாள். யார் நம்புவார்கள்? பதினெட்டு வருஷத்தில் மேஜைக்கு அடியில் நான் இருப்பதாக ஒரு போட்டோ இல்லை. நான்தான் எடுக்க விட்டதில்லையே. நவநீதன் மட்டும் ஒன்று செய்தான். சந்தியா தலையைப் பிடிக்கிறாள், நீ வலது கையாக வா என்று குப்புராஜ் கூப்பிட்டதற்கு, "அந்தக்கா மூச்ச வெச்சித்தாங்க எனக்குக் கையே நகரும்" என்று சொல்லிவிட்டு, போனை அணைத்துவிட்டு அரூரில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான். புளி உடைக்கிற சீசன், அங்கே வேலை இருந்தது.

அதனால்தான் குப்புராஜ் எனக்குப் போன் செய்தான். தொள்ளாயிரமாவது எபிசோடு. ஞாயிற்றுக்கிழமை காலை கல்யாண மண்டபத்தில், நானூறு பிள்ளைகளை உட்கார வைத்து நேரடி ஒளிபரப்பு. "வலது கை இல்லாம கரடி நொண்டியாட்டம் நிக்குதும்மா. ஒரே ஒரு நாளு. சந்தியாவுக்கு வலது கையா வந்துடு." தலையாக இருந்தவளைக் கையாக வரச் சொல்கிறான். அதில் என்ன தப்பு என்றே அவனுக்குத் தெரியவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. "வர்றங்கண்ணா" என்றேன். என் குரல் எனக்கே இனிப்பாகக் கேட்டது.

என்ன செய்வது என்று ஞாயிற்றுக்கிழமைவரை யோசித்தேன். விக்கைப் பிடுங்கலாம் என்பதுதான் முதலில் தோன்றியது. கரடிக் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் நிற்பான். ஆனால் விக் போனால் பிள்ளைகள் சிரிப்பார்கள், அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவான், அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. தொள்ளாயிரமாவது நாளின் பெரிய தமாஷாக அது ஆகிவிடும். எனக்குச் சிரிப்பு வேண்டாம். அவன் பொய் அவன் முகத்தில் தெரிய வேண்டும், அதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். அதற்கு என்னிடம் இருந்தது ஒரு கரடியின் வலது கை மட்டும்தான்.

மண்டபத்தில் மணமேடையில்தான் எங்கள் மேஜை. சந்தியா எனக்கு முன்பே அடியில் வந்து உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது. "அக்கா, எனக்கு இதெல்லாம் வேணாம்னுதான் சொன்னங்க்கா. மாமா கேக்கல" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. "மணிக்கட்ட முன்னால மடக்கு, அப்பதான் கரடி நேரா பாக்கும். அது பேசறப்ப வாயத் தெற, நிறுத்துனா மூடு. வேற எதையும் நெனைக்காத" என்றேன். தோளை அவள் விலாவில் ஒட்டினேன். அவள் மூச்சு கண்டபடி ஓடியது, அதில் படிக்க ஒன்றும் இல்லை. எங்கள் முன்னால் தரையில் சின்ன மானிட்டர், அதில் கேமரா பார்ப்பது எங்களுக்கும் தெரியும்.

கரடியை மேஜைக்கு மேலே தூக்கினோம். அப்போது வந்த சத்தத்தை என்னால் எழுத முடியவில்லை. ஸ்டுடியோவில் பிள்ளைகள் இருந்ததே கிடையாது, ஏசியைக்கூட அணைத்துவிட்டுத்தான் பேசுவோம். பதினெட்டு வருஷமாக நான் ஒரு கேமராவிடம் பேசியிருக்கிறேன். இப்போது நானூறு பிள்ளைகள் கருப்பட்டி கருப்பட்டி என்று கத்துகிறார்கள், மேடைப் பலகை என் பிட்டத்துக்கு அடியில் அதிர்கிறது. கையை ஆட்டினேன். இன்னும் கத்தினார்கள். ஒரு விரலை மடக்கி மூக்கைச் சொறிந்தேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்தச் சத்தத்தில் என் கோபம் கரைந்திருக்க வேண்டும் என்று கதை கேட்கிறவர்களுக்குத் தோன்றும். கரையவில்லை. எனக்கு வர வேண்டிய சத்தம் இது, இத்தனை வருஷம் வராமல் போன சத்தம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பிடுங்கிய இடத்தில் சுரீர் என்றது.

பாட்டு, விடுகதை எல்லாம் முடிந்தது. குப்புராஜ் மேடையின் நடுவுக்கு வந்தான். "குட்டீங்களா, மாமா இன்னிக்கி ஒரு ரகசியம் சொல்லப் போறேன். கருப்பட்டிக்குக் கொரல் குடுக்கறது யாரு?" பிள்ளைகளில் பாதிப் பேர் கருப்பட்டி என்றார்கள், பெற்றவர்கள் சொல்லிக் கொடுத்த மீதிப் பேர் குப்பு மாமா என்றார்கள். "இப்ப மாமா அந்தப் பக்கம் திரும்பி நின்னு பேசறேன், கருப்பட்டி வாயப் பாருங்க" என்றான். திரும்பினான். பூப்போட்ட முதுகைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டான். மேஜையின் பின்பக்கத் திறப்பு வழியாகப் பார்த்தேன், ஓரத்தில் லேப்டாப் முன்னால் மாதேஷ் அண்ணா ஒரு பொத்தானைத் தட்டினார்.

"வணக்கம் குட்டீங்களா" என்று என் குரல் மண்டபம் முழுக்க வந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருக்க, என் குரல் தலைக்கு மேலே பேசியது. "எனக்குள்ள குப்பு மாமா இருக்காரு, குப்பு மாமாவுக்குள்ள நான் இருக்கேன்" என்றது. சிரித்தது. அந்தச் சிரிப்பின் கடைசியில் ஒரு விக்கல் வரும், மேஜைக்கு அடியில் மடங்கி உட்கார்ந்து சிரித்தால் மூச்சு முட்டும், அதனால் வருகிற விக்கல் அது. பிள்ளைகள் வீட்டில் அந்த விக்கலையும் சேர்த்துத்தான் சிரித்துக் காட்டுவார்களாம். கம்ப்யூட்டர் அதையும் எடுத்துக்கொண்டு, சிரிப்புக்கு நடுவில் தப்பான இடத்தில் வைத்திருந்தது. என் மூச்சுமுட்டலைக்கூட விட்டுவைக்கவில்லை பாவி.

கரடியின் வலது கையைத் தூக்கி அதன் வாயைப் பொத்தினேன்.

சும்மா பொத்தவில்லை. நான்கு விரலும் மேல்தாடையில், கட்டை விரல் கீழ்த்தாடையில், உள்ளே இருக்கிற சந்தியாவின் விரல்களோடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன். அவள் திறக்கப் பார்த்தாள், முடியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரடி இறுக்கி வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறது, குரல் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறது. "தெனமும் பால் குடிக்கணும், பெரியவங்க சொல்றதக் கேக்கணும்." முதலில் சிரித்தார்கள். விளையாட்டு என்று நினைத்தார்கள். அப்புறம் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் குழந்தை, "வாய மூடிக்கிட்டே பேசுது" என்றது. "அது பேசல. வேற எங்கியோ இருந்து வருது" என்றது இன்னொன்று. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது.

குப்புராஜுக்கு ஒன்றும் தெரியாது. முதுகைக் காட்டிக்கொண்டு, குரலுக்கு ஏற்றபடி தோளைக் குலுக்கிக் குலுக்கி நடித்துக்கொண்டிருந்தான். அமைதியைக் கவனித்துவிட்டுத்தான் திரும்பினான். திரும்பிய வேகத்தில் கை வாயிலிருந்து இறங்கிவிட்டது. அவன் வாய் மூடியிருந்தது. கரடியின் வாயும் மூடியிருந்தது. என் குரல் மட்டும், "நான் யாருன்னு இப்ப தெரிஞ்சிதா குட்டீங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவன் மாதேஷ் அண்ணாவைப் பார்த்துக் கழுத்தை வெட்டுகிற மாதிரி சைகை காட்டினான். மாதேஷ் அண்ணா லேப்டாப்பைப் பார்த்தபடி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார். குரல் ஓடியது.

ஸ்டுடியோவில் குப்புராஜுக்கு ஒரு பழக்கம். நடுவில் ஏதாவது தப்பாகப் போனால் கட் சொல்ல மாட்டான், மேஜைத் துணியை விலக்கி எங்களிடம் குனிந்து இரண்டு வார்த்தை கடித்துவிட்டு நிமிர்ந்து சிரிப்பான். அதையெல்லாம் மாதேஷ் அண்ணா எடிட்டிங்கில் வெட்டிவிடுவார். பதினெட்டு வருஷத்துப் பழக்கம், உடம்பு தானாகக் குனிந்தது. இன்றைக்கு வெட்ட முடியாது என்பதும், சட்டைக் காலரில் மைக் குத்தியிருப்பதும் அவன் நினைவில் இல்லை. துணிக்குள் அவன் முகம் வந்தது. வியர்வையில் விக் ஓரம் பிரிந்திருந்தது.

"யுவராணி, கைய எடு."

எடுக்கவில்லை.

"அம்மா தாயே, கைய எடும்மா. உன் பேரப் போடறேன். இந்த வாரமே போடறேன், கொரல் யுவராணின்னு போடறேன். கைய எடு."

மண்டபத்தின் நான்கு மூலை ஸ்பீக்கரிலும் அது போனது. கொரல் யுவராணின்னு போடறேன். என் பெயர் அந்த நிகழ்ச்சியில் வந்தது அதுதான் முதல் தடவை, அதுவும் அவன் வாயால், கெஞ்சிக்கொண்டு. அவனுக்கே அது கேட்டது. முகம் வெளுத்துப்போய்த் துணியை விட்டான். அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் என்னைக் கெட்டவள் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். ஒரு மாசமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது வயிற்றுக்கு இறங்கி, பசி எடுத்தது.

அதற்குள் லேப்டாப்பில் இருந்த குரலும் பேசி முடித்துவிட்டது. முன்வரிசையில் அந்தப் பெண் குழந்தை எழுந்து மேடையோரத்துக்கு வந்து நின்றது. மானிட்டரில் அதன் உச்சந்தலையும் இரண்டு ரிப்பனும் தெரிந்தன.

"கருப்பட்டி," என்றது, "யுவராணி யாரு?"

அது குப்பு மாமாவைக் கேட்கவில்லை. கரடியைக் கேட்டது. சந்தியா என்னைப் பார்த்தாள். பொத்திய என் கைக்குள் அவள் விரல்கள் மெல்ல அசைந்தன. திறக்கட்டுமா, நீங்கள் பேசுகிறீர்களா என்று கேட்கிறாள். எனக்கு மைக் தேவையில்லை, முன்வரிசைக்குக் கேட்டால் போதும். ஒரு வார்த்தை, நான்தான் என்று கருப்பட்டி குரலில் ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனியில் வந்துவிட்டது. சொன்னால் அந்தக் குழந்தை துணியைத் தூக்கிப் பார்க்கும். நாற்பத்தேழு வயதில், நரைத்த தலையும் ஒட்டிய கன்னமுமாகக் குந்தியிருக்கிற ஒருத்தியைப் பார்க்கும். அப்புறம் அதற்குக் கரடி இல்லை. அந்தப் பாவத்தையும் நான்தான் சுமக்க வேண்டுமா. பொய் சொன்னவன் மேலே வெளிச்சத்தில் நிற்கிறான், அவன் சொல்லட்டும்.

கரடியின் வாயிலிருந்து கையை எடுத்தேன். சந்தியாவின் மூச்சு நின்றது. கையை அப்படியே பக்கவாட்டில் கொண்டுபோய், முழங்கை நீளும்வரை நீட்டி, குப்புராஜைக் காட்டினேன். தலைதான் முதலில் திரும்ப வேண்டும், கை அதன் பின்னால் போக வேண்டும். இன்றைக்குக் கை முதலில் போனது. சந்தியா ஒரு கணம் தயங்கிவிட்டு, கை போன பக்கம் தலையைத் திருப்பினாள். நேராக, மணிக்கட்டை மடக்கித் திருப்பினாள். கரடி அவனைப் பார்த்தது. பிள்ளைகள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

மானிட்டரின் ஓரத்தில் பாதி முகம்தான் தெரிந்தது அவனுக்கு. ஒரு கை காலரில் மைக்கைத் தேடிக்கொண்டிருந்தது. கிடைத்ததைப் பிடுங்கவும் இல்லை, விடவும் இல்லை, பிடித்துக்கொண்டே நின்றான். குழந்தை இன்னும் மேடையோரத்தில் இருந்தது. என் தோள்பட்டை எரிய ஆரம்பித்தது. நான் கையை இறக்கவில்லை.